கஹவத்தைக்குக் கொண்டுபோன அந்திச் சித்திரம்

அக்கா ஆறு மாதத்தில் வந்துவிடுவாள் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். அப்பா நம்பினார், அம்மா நம்பினாள், தலைமன்னாரில் கப்பலுக்காக எங்களோடு வரிசையில் நின்ற குடும்பங்களும் அப்படியே சொல்லித் தேற்றின. மற்றவர்களைவிட உறுதியாக அதை நான் நம்ப வேண்டியிருந்தது. அக்காவின் பெயரில் கப்பலேறியவள் நான்.

நடந்தது ஒரு சிறிய பிழை. சிலோனும் இந்தியாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போக அப்பா மனுப் போட்டிருந்தார். குடும்பப் புகைப்படம் எடுக்கக் கஹவத்தையிலிருந்து எங்கள் கல்மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் வந்த நாளில் எனக்கு அம்மை கண்டிருந்தது. அம்மை கண்ட பிள்ளையை அயலார் முன்னால் கொண்டுவரக் கூடாது என்பது தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எவரும் மீறாத வழக்கம். வேப்பிலை செருகிய எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நான் படுத்திருந்தேன். வெளியே அப்பா, அம்மா, அக்கா பார்வதி ஆகிய மூவரும் படத்துக்கு நின்றார்கள். படத்தைப் பார்த்து எழுத்தர் மூவர் என்று எழுதினார். சின்னவள் சரஸ்வதியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று அப்பா விட்டுவிட்டார்.

பாஸ்போர்ட் வர ஆறு ஆண்டுகளாயின. அப்போது அக்காவுக்குப் பதினேழு, எனக்குப் பதினொன்று. படத்திலிருந்த பதினோரு வயதுப் பெண் என்னை அப்படியே உரித்து வைத்திருந்தாள்; வயதும் மனுப் போட்ட அன்றைய பதினொன்றாகவே எழுதப்பட்டிருந்தது. கோப்பை மறுபடி திறக்கச் சொன்னால் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுவோம் என்று அப்பா அஞ்சினார். காம்பராவைக் காலிசெய்ய நாளும் குறித்துக் கொடுத்திருந்தார்கள். கொழுந்தெடுக்கும் வயதுக்கு வந்தவள் அதே தோட்டத்திலிருந்த அத்தை வீட்டில் இருந்துகொள்வாள், சிறியவளைத்தான் விட முடியாது என்று முடிவாயிற்று. அக்காவின் இடப் புருவத்தை, படத்திலும் தெரிந்த ஒரு பழைய தழும்பு இரண்டாகப் பிரித்திருந்தது, தகரம் வெட்டியது. தலைமன்னாரில் அப்பாவின் சவர பிளேடால் அம்மா என் இடப் புருவத்திலும் அதே இடத்தில் ஒரு கோடு மழித்துவிட்டாள். கப்பலில் யாரும் உற்றுப் பார்க்கவில்லை. திருச்சிக்கு வந்த மாதத்திலேயே முடி வளர்ந்து மூடிவிட்டது.

அக்காவை அனுப்பச் சொல்லி அப்பா எழுதிய மனுக்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வந்தது: பார்வதி ஏற்கெனவே இந்தியா வந்து சேர்ந்துவிட்டார். அக்காவோடு கடிதப் போக்குவரத்து எண்பத்து மூன்றுக் கலவரம் வரை நீடித்தது. அதன் பிறகு அத்தை முகவரிக்கு நாங்கள் அனுப்பிய உறைகள் திரும்பி வந்தன. அக்கா உயிரோடு இல்லை என்று அப்பா நம்பத் தொடங்கி, அந்த நம்பிக்கையோடே இறந்தார். அம்மா மட்டும் அதை ஏற்கவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் திருச்சியில் ஒரு கல்லூரி நூலகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். பார்வதி என்ற பெயரில் பள்ளிச் சான்றிதழ், பார்வதி என்ற பெயரில் வேலை, பார்வதி என்ற பெயரில் வாடகை வீடு. அந்த வேலைதான் அம்மாவுக்குச் சோறும் மருந்தும். அவ்வருடம் ஹெலன் என்ற அமெரிக்க ஓவியர் தம் சித்திரங்களைக் காட்டக் கல்லூரிக்கு வந்தார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். விரல் நுனிகளில் வரையும் கரி ஏறியே இருந்தது. அவருடைய தந்தை ஓர் ஆற்றங்கரை ஊரில் உருக்காலைத் தொழிலாளி. தந்தை வேலை முடிந்து வெளியே வரும் நேரத்தில் ஆலை வாசலில் காத்து நின்று பழகியதால், உலகத்தில் எங்கே போனாலும் தொழிற்சாலைகளை அந்தியில்தான் வரைவதாகச் சொன்னார். விளக்கு ஏற்றிய பிறகும் வானம் முழுதாக இருளாமல் இருக்கும் அந்த இருபது நிமிடங்கள்.

நூலகத்தின் நீள மேசையில் தாள்களை விரித்தார். பருத்தி ஆலை, சிமெண்டு ஆலை, செங்கல் சூளை. அவற்றுக்கிடையே நான்கு மாடித் தேயிலைத் தொழிற்சாலை ஒன்று. தகரச் சுவர், அடுக்கி வைத்த விறகு அட்டி, புகைபோக்கி, கொழுந்து வாட்டும் மேல்மாடிகளில் வரிசையாக எரியும் சன்னல்கள். மூன்றாம் மாடியில் ஐந்தாவது சன்னல் மட்டும் பலகை அடித்து மூடியிருந்தது. பின்னால் மலைப்பாறையில் நீர் வழிந்த வெள்ளைத் தடம். நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஐந்தாவது சன்னல் நான் பிறப்பதற்கு முன்பே மூடிக் கிடந்தது.

தொழிற்சாலைக்கு முன்னால், கொழுந்து நிறுக்கும் மடுவத்தருகே, ஓர் ஆள் உயரத்துக்குக் கரி துடைக்கப்பட்டு வெளிறியிருந்தது.

"இங்கே ஒரு பெண் நின்றாள்," என்றார் ஹெலன். "வரைந்து முடித்ததும் வந்து பார்த்தாள். தன்னிடம் அடையாள அட்டை இல்லை, தன்னைப் படத்தில் வைக்காதே என்று கெஞ்சினாள். அழித்துவிட்டேன். அன்றிலிருந்து இந்தப் படத்தை என்னால் விற்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை."

தாளைத் திருப்பினார். வரைந்த இடத்தையும் எதிர்ப்பட்டவர்களின் பெயரையும் பின்னால் குறித்து வைப்பது அவர் வழக்கமாம். பென்சிலில் ஒரு பெயர் இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே என் மேசை மீதிருந்த பெயர்ப் பலகையைக் காட்டினார். "பாருங்கள், உங்கள் பெயரேதான்."

அது யாராக இருக்கும் என்று ஹெலனிடம் சொன்னேன். பிறகு தாளைச் சுருட்டி என்னிடம் தந்தார். "அவளுக்குச் சேர வேண்டியது. அனுப்பிவிடுங்கள்." தபாலில் அனுப்பும் உத்தேசம் எனக்கு இல்லை.

வீட்டில் படத்தை விரித்துச் சொன்னதும், அம்மா அந்த வெளிறிய இடத்தைத் தொடாமல் பார்த்தாள். "கூட்டியாரச் சொல்லல," என்றாள். "கோவமா இருக்காளான்னு மட்டும் பாத்துட்டு வா." தகரப் பெட்டியிலிருந்து அந்தப் பழைய குடும்பப் பாஸ்போர்ட்டை எடுத்து என் பையில் வைத்தாள். 

சித்திரம் கசங்கக் கூடாதே என்று திருச்சி சாலை ரோட்டுக் கடையில் இரண்டடி பிளாஸ்டிக் குழாய் வாங்கி, உள்ளே தாளை நுழைத்து, இரு முனையையும் துணியால் அடைத்துக் கட்டினேன். போர் நடக்கும் நாட்டுக்குள் ஒரு தமிழ்ப் பெண் இரு முனையும் அடைத்த குழாயோடு போய் இறங்கக் கூடாது என்பது கொழும்பு விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் பின்வாங்கி நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

முதல் நாள் முழுவதும் அந்தக் குழாயை விளக்குவதிலேயே கழிந்தது. விடுதிக்காரர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துக் காவல் நிலையத்துக்கான படிவத்தில் "பார்வதி" என்று எழுதினார். அவர் எழுத எழுத, பொய்ச் சாட்சி சொல்பவளின் படபடப்பு எனக்கு. இத்தனை வருடத்தில் அந்தப் பெயர் எனக்குப் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். அக்கா இருக்கும் மண்ணில் அதைச் சொல்வது வேறாக இருந்தது.

"அம்மா, அந்தக் குழாயைக் கட்டிலுக்குக் கீழ வச்சிடுங்க," என்றார் விடுதிக்காரர். "சோதனைக்கு வந்தாங்கன்னா உங்களை ஒரு கேள்வி கேப்பாங்க. என்னை ஒம்பது கேள்வி கேப்பாங்க."

இடியாப்பமும் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். இரண்டு இடியாப்பத்துக்கு மேல் இறங்கவில்லை.

இரண்டாம் நாள் இரத்தினபுரி போகும் பேருந்தில் சன்னலோர இடம் கிடைத்தது. வழியில் பீப்பாய்களை நிறுத்திச் சாலையைக் குறுக்கியிருந்த இடத்தில் எல்லோரையும் இறக்கினார்கள். மற்றவர்கள் அட்டையைக் காட்டிவிட்டு நடந்தார்கள். நான் குழாயோடு நின்றேன். பதினோரு வயது வரை கேட்ட சிங்களம் பாதி நினைவிலிருந்தது; அந்தப் பாதி அச்சத்தில் கரைந்துகொண்டிருந்தது.

இளம் படைவீரன் துணியை அவிழ்த்துத் தாளை ஒரு மேசையில் விரித்தான். "இது என்ன?"

"படம்."

"யார் வரைந்தது?"

"ஓர் அமெரிக்கப் பெண்."

"நம் நாட்டில் விகாரை இல்லையா, நீர்வீழ்ச்சி இல்லையா? எதற்காக ஃபெக்டரியை வரைந்தாள்?"

ஹெலன் அருகில் இருந்திருந்தால் நல்ல பதில் சொல்லியிருப்பார்.  படத்தின் ஓரத்தில் கம்பத்தின் மேலிருந்த மின்மாற்றியை அவன் விரலால் தொட்டான். "இதை ஏன் இவ்வளவு சரியாக வரைய வேண்டும்?" அடுத்து வானத்தைத் தொட்டான். பெருவிரல் அழுந்திய இடத்தில் கரி இழுபட்டு மேகத்தின் மீது ஒரு கறை விழுந்தது. அவன் தன் விரலைப் பார்த்தான். வெட்கப்பட்டவனைப் போல் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

வயதில் மூத்த வீரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "என் மனைவியின் ஊர்ப் பக்கம் இப்படி ஒன்று இருக்கிறது," என்றார். "மழை நாளில் வரைந்திருக்கிறாள். பார், எல்லாச் சன்னலிலும் விளக்கு. ஈரக் கொழுந்து வந்தால்தான் எல்லா மாடியும் எரியும். போகச் சொல்." அவர் அதைப் படித்த விதத்தில் படித்தவர் வேறு யாரையும் நான் அதுவரை பார்த்ததில்லை.

பேருந்தில் ஏறியபோது என் பக்கத்திலிருந்த மனிதர் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். இரத்தினபுரி வரை நின்றுகொண்டே வந்தார். அவர் இடத்தில் ஒரு சிங்கள மூதாட்டி வந்து உட்கார்ந்து, தோடம்பழம் உரித்துப் பாதியைத் தந்தார். நாங்கள் ஆரஞ்சு என்று சொல்லும் பழம்தான். வாயில் புளித்துக்கொண்டு கிடந்தது.

இரத்தினபுரியில் மழை. திருச்சியில் மழை வந்தால் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்போம். இங்கே மழை ஒரு பக்கம், மனிதர்கள் ஒரு பக்கம். பேருந்து நிலையத்தில் ஆண்கள் தாள் பொட்டலங்களைப் பிரித்து உள்ளங்கையில் சிறு இரத்தினக் கற்களைப் பரப்பி, கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீன் வைத்த பணிஸ் ரொட்டி ஒன்று வாங்கித் தின்றேன். அன்று முதன்முதலாகப் பசித்தது.

கஹவத்தையில் இறங்கியபோது நாலரை மணி. முச்சக்கர வண்டிக்காரர் என்னை ஒருமுறை, குழாயை ஒருமுறை பார்த்தார்.

"எங்கங்க அக்கா போறீங்க?"

"கல்மலை, மேல் டிவிசன்."

"இந்தியாவா? பேச்சு நம்ம பேச்சா இருக்கு, சேலை நம்ம சேலை இல்ல." வண்டியைக் கிளப்பினார். "அந்தக் குழாய்ல என்னங்க, புல்லாங்குழலா?"

"படம்."

"ஹரி, ஹரி. சரிங்க, படம்னே சொல்லுங்க. நான் யாருகிட்டயும் கேக்கல."

அவர் பெயர் செல்வம். முந்தின நாள் மழையில் பாலத்தடியில் பாதை உடைந்திருந்தது. இறங்கி நடந்தேன். ரப்பர் மரங்களைத் தாண்டித் தேயிலை தொடங்கும் வளைவில் இயந்திர இரைச்சல் கேட்டது. அங்கேயே நின்றுவிட்டேன். இருப்பவள் வேறொரு பார்வதியாக இருக்கலாம். இருந்தவள் இப்போது இல்லாமலும் போயிருக்கலாம். எங்கள் அக்காவாகவே இருந்து, என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். மூன்றில் எதற்கு அதிகம் அஞ்சினேன் என்று இன்றும் தெரியவில்லை.

வளைவைக் கடந்ததும் அந்தச் சித்திரம் மலையோடு நின்றது. விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. ஐந்தாவது சன்னல் இருட்டாக இருந்தது. மடுவத்தில் கடைசி நிறுவை முடிந்து பெண்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை உதறிக்கொண்டிருந்தார்கள். கழுத்தைச் சுற்றித் துண்டு போட்ட ஒருத்தி மட்டும் தனியாக நின்று காலில் ஏறிய அட்டைப்பூச்சியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். இடப் புருவம் இரண்டாகப் பிரிந்திருந்தது.

 அவள் என் முகத்தைப் பார்த்து, குழாயைப் பார்த்து, மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

"அடி சரசு," என்றாள். "அம்மை எறங்கிருச்சா?"

அவள் இருந்த காம்பராவில் அவளோடு மேரி என்ற கைம்பெண்ணும் இருந்தார். ஒரு பக்கச் சுவரில் மாதா படம், மறுபக்கம் முருகன். மேரி தடித்த ரொட்டி தட்டிப்போட்டு, மிளகாய் இடித்துக் கட்டச்சம்பல் செய்து, பாலில்லாத சாயத் தண்ணீர் ஊற்றித் தந்தார். இவ்வளவு தேயிலை விளையும் இடத்தில் குடிப்பதற்கு மிஞ்சுவது தூள்தான். திருச்சியில் இதே ரொட்டியை நான் சுட்டால் பக்கத்து வீட்டார் சிலோன் ரொட்டி என்பார்கள். இங்கே அது வெறும் ரொட்டி.

அக்கா துண்டை எடுத்தபோதுதான் பார்த்தேன். கழுத்தில் கழலை ஒரு மாங்காய் அளவுக்குத் திரண்டிருந்தது. தோட்டத்து மருந்துக்காரர் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் அறுக்க வேண்டும் என்று சொல்லி இரண்டு வருடமாகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறதாம்.

"போகலயா?"

"போனேன். பஸ்ல எறக்கி அட்டை கேட்டாங்க. ரெண்டு நாளு போலீஸ்ல வச்சிருந்தாங்க. தோட்டத்துத் துரை வந்து கூட்டியாந்தாரு." அவள் ரொட்டியைப் பிய்த்தாள். "அதுக்கப்புறம் கீழ இருக்கிற பீப்பாயைத் தாண்டல."

நாங்கள் போன கொஞ்ச நாளிலேயே பார்வதி இந்தியா சென்றுவிட்டதாக அலுவலகத்துக்குத் தாள் வந்தது. செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் அவள் பெயரை வெட்டினார்கள். அன்றிலிருந்து அன்றன்று கூலி வாங்கும் கைக்காசு வேலைதான். கலவரத்துக்குப் பிறகு அத்தை குடும்பம் வவுனியாப் பக்கம் போனபோது, வழியில் அட்டை கேட்பார்கள் என்று அவள் போகவில்லை. இதையெல்லாம் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை; பாதை எங்கெங்கே உடைந்திருக்கிறது என்று வழிப்போக்கனுக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

படத்தை விரித்தேன். மேரி விளக்கைத் தூக்கிப் பிடித்தார். அக்கா குனிந்து பார்த்து, "வெறகு அட்டி இவ்வளவு ஒசரம் கெடையாது," என்றாள். வெளிறிய இடத்தை விரல் படாமல் காட்டி, "இங்கதான் நின்னேன்," என்றாள். "வெள்ளக்காரம்மாவுக்குக் கோவமே வரல. பாவம், ரொட்டித்துண்டை வச்சு மெல்ல மெல்லத் தொடச்சாங்க."

"தொடச்சதுதான் மொதல்ல கண்ணுல படுது," என்றார் மேரி. "நின்னுருந்தா ஒருத்தனும் பாத்திருக்க மாட்டான்."

அக்கா சிரித்தாள். வானத்திலிருந்த கறையைக் காட்டி அது யாருடைய விரல் என்று கேட்டாள். சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் காலை மேரிதான் யோசனை சொன்னார். பசாருக்கு இந்தப் பக்கம், பீப்பாய்களுக்கு முன்னாலேயே, ஓய்வுபெற்ற சிங்களப் பள்ளியாசிரியர் ஒருவர் இருக்கிறார், சான்றளிக்கும் அதிகாரமுள்ள சமாதான நீதவான். சத்தியக் கடதாசி, அதாவது பிரமாணப் பத்திரம், எழுதித் தருவார். அதை வைத்து அட்டைக்கு மனுப் போடலாம். கேட்டுப் பார்ப்பதில் என்ன?

அக்கா ஒரே நிபந்தனை போட்டாள். "நீ பாஸ்போட்டை வெளிய எடுக்கக் கூடாது. நீ இந்தியாவுல இருந்து வந்த சொந்தம். அவ்வளவுதான். நீ இன்னாருன்னு ஒரு எடத்துல எழுதிட்டா அது உன் வேலை வரைக்கும் போகும். அம்மாவை யாரு பாக்கிறது?"

எடுக்க மாட்டேன் என்று சொன்னேன். சொன்னபோது அது உண்மைதான். இரவு முழுவதும் அக்காவின் மூச்சு முட்டி ஏறி இறங்குவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தும், என் மேசையையும் அம்மாவின் மருந்துச் சீட்டையும் எண்ணி நான் அஞ்சிக்கொண்டுதான் இருந்தேன்.

செல்வம் உடைந்த பாலத்தடிவரை வந்து காத்திருந்தார். அக்கா வண்டிக்குள் பின்னால் தள்ளி உட்கார்ந்து சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். ஆசிரியர் வீட்டு வாசலில் இறங்கியபோது, ஐம்பது அடி தள்ளிப் பீப்பாய்களும் துப்பாக்கிகளும் தெரிந்தன. அவள் கை என் முழங்கையைப் பற்றியது. மறுநாள் அந்த இடத்தில் நான்கு விரல் தடம் இருந்தது.

"மெல்ல எறங்குங்க," என்றார் செல்வம். "பாக்காதீங்க. பாக்காத ஆளை அவங்களும் பாக்க மாட்டாங்க."

ஆசிரியர் சாய்வு நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அக்கா சரளமான சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை பெயர் வந்த இடத்தில் மட்டும் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"மகளே, நீ பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் தாளில் பார்வதி போய்விட்டாள். போனவள் பார்வதி இல்லை என்று யார் சொல்வது? போனவளே வந்து என் முன்னால் நின்று சத்தியம் செய்தால் எழுதலாம். அவளை எங்கே தேடுவாய்?"

அக்கா எழுந்தாள். "போறோம் மாத்தயா," என்றாள் அந்த ஐயாவிடம். என்னிடம், "வா."

நான் எழவில்லை. பையைத் திறந்து அம்மா வைத்தனுப்பிய குடும்பப் பாஸ்போர்ட்டையும் அதன் மேல் என் பாஸ்போர்ட்டையும் மேசையில் வைத்தேன்.

"எப்பா மாத்தயா!" அக்கா பாய்ந்து அவற்றை எடுக்கப் பார்த்தாள். "வேணாம், வேணாம். சரசு, சொன்ன சொல்லு என்னாச்சு? எனக்குக் கழுத்து வீங்குனா வீங்கட்டும்டி!"

"ஒக்காருக்கா," என்றேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலான பின் அவளுக்கு நான் சொன்ன முதல் கட்டளை அது. அவள் உட்கார்ந்தாள்.

ஆசிரியர் மேசை இழுப்பறையிலிருந்து கல் பார்க்கும் கண்ணாடியை எடுத்தார். அந்தப் பக்கத்தில் அது இல்லாத வீடு குறைவு. கண்ணில் இடுக்கிக்கொண்டு பழைய புகைப்படத்தின் மேல் குனிந்தார். கல்லைப் பார்ப்பவரைப் போல் மூச்சை அடக்கிப் பார்த்தார். பிறகு அக்காவை அருகே அழைத்து அவள் புருவத்தைப் பார்த்தார். அடுத்து என்னை அழைத்து என் புருவத்தைப் பார்த்தார். என் முகத்துக்கு வெகு அருகில் அவருடைய ஒரு கண் பெரிதாக நின்றது. பிளேடு போன இடத்தில் ஒன்றும் இல்லை.

"இந்தப் பெண் இவள்," என்றார், படத்தையும் அக்காவையும் காட்டி. என் பக்கம் திரும்பினார். "இதன் பிரதி ஒன்று கொழும்புக்குப் போகும். அங்கிருந்து எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துதான் எழுதச் சொல்கிறீர்களா?"

"எழுதுங்கள்," என்றேன்.

முக்கால் மணி நேரம் எழுதினார். கடைசியில் எந்தப் பெயரில் கையெழுத்திடுவது என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, "இரண்டையும் போடுங்கள். முதலில் வைத்த பெயர், பிறகு வாழ்ந்த பெயர்," என்றார். சரஸ்வதி என்று எழுதப் பேனா தயங்கியது. அது ஐந்தாம் வகுப்பு மாணவியின் கையெழுத்தாகவே விழுந்தது. அதற்குப் பின் அந்தப் பெயரை நான் எழுதியதே இல்லையே.

செல்வத்தின் வண்டியில் திரும்பினோம். பாலத்தடியில் இறங்கி நடக்கையில், அம்மா பார்த்துவரச் சொன்னதைக் கேட்டேன்.

"கோவமா?" அவள் பாதையைப் பார்த்தே நடந்தாள். "இருந்துச்சு. கோவப்படறதுக்கும் ஆளு பக்கத்துல இருக்கணும்ல? கொஞ்ச நாள்ல போயிருச்சு." இன்னும் சில அடி நடந்தபின், "இன்னைக்கு உன் மேல கோவம்," என்றாள். "அதையும் அம்மாகிட்டச் சொல்லு."

நான்காம் நாள் விடிந்ததும் கிளம்பினேன். படத்தை அவள் வைத்துக்கொண்டாள். குழாயை மேரி எடுத்துக்கொண்டார். கூரைத் தண்ணீரைப் பீப்பாய்க்குத் திருப்ப இரண்டடிதான் குறைந்ததாம்.

விமான நிலையத்தில் அதிகாரி என் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு உள்ளே போனார். பதினைந்து நிமிடம் ஆயிற்று. அந்தக் கடதாசி என்னை முந்திக்கொண்டு வந்துவிட்டது என்றே நினைத்தேன். "பார்வதி!" என்று யாரோ உரக்கக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்க ஒரு கணம் தாமதமாயிற்று. வேறொன்றுமில்லை, முத்திரை மை தீர்ந்திருந்தது.

அக்காவுக்கு அட்டை வர இரண்டு வருடத்துக்கு மேலாயிற்று. அவள் இரத்தினபுரிக்குப் போனாள். பீப்பாய்களிடத்தில் அட்டையைக் காட்டி, திரும்ப வாங்கி, மறுபடி ஒருமுறை காட்டினாளாம். "போதும்மா, போ" என்று விரட்டினார்கள் என்று மேரி எழுதியிருந்தார். கழுத்தை அறுத்தார்கள். குரல் கொஞ்சம் கரகரத்துப் போயிற்று. அவள் சம்மதத்தோடு இதையெல்லாம் ஹெலனுக்கு எழுதி, இனி அவளை அந்த இடத்தில் வரையலாம் என்றேன். அழித்த இடத்தை அப்படியே விடச் சொல்லிப் பதில் வந்தது.

என்னைத் தேடி இதுவரை எந்தக் கோப்பும் வரவில்லை. மேசை மேல் அதே பெயர்ப் பலகை இருக்கிறது. கையில் தாளோடு யாராவது நூலக வாசலில் தயங்கி நின்றால் இன்னும் நான் எழுந்து நின்றுவிடுகிறேன்.

அம்மா சென்ற மழைக்காலத்தில் இறந்தாள். பழைய பாஸ்போர்ட்டை இப்போது நான்தான் வைத்திருக்கிறேன். அதிலுள்ள படத்தில் மூவர். அப்பா இல்லை, அம்மா இல்லை. கல்மலையில் அக்கா இருக்கிறாள். அந்தப் படத்தில் நான் எப்போதும் இருந்ததில்லை.